துருப்பிடித்த பிஸ்டலும் காலாவதியான லைசென்ஸும்

வாசகர் கேள்வி: ஒரு வழக்கறிஞரின் பதில்

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 38 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தாத்தா மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தலைமைக் கணக்கராக இருந்தவர். எஸ்டேட்டின் வெள்ளைக்கார மேலாளர் நாடு திரும்பியபோது தம் கைத்துப்பாக்கியை முறைப்படி தாத்தாவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாராம். சம்பளப் பணம் மலையேறும் நாட்களில் தாத்தா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு போவார். பிற்பாடு அது அப்பாவின் பெயருக்கு வந்தது. அப்பா எட்டு மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். மூன்று வாரங்களுக்கு முன் பீரோ லாக்கரைத் திறந்தபோதுதான் தோல் உறைக்குள் துப்பாக்கியும், பழைய சிகரெட் டப்பா ஒன்றில் ஏழு தோட்டாக்களும், 2021-இல் காலாவதியான லைசென்ஸ் புத்தகமும் கண்ணில் பட்டிருக்கின்றன.

துப்பாக்கியின் நிலை மோசம். ஒரு பக்கம் செந்துரு. கைப்பிடித் தகடுகளில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. குழலுக்கு மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு நகர மறுக்கிறது. அதைப் பழைய அழகுக்குக் கொண்டுவந்து வீட்டில் வைத்துக்கொள்ள வாசகருக்கு ஆசை. சில காணொளிகளைப் பார்த்துவிட்டு இடப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தும் பார்த்திருக்கிறார். லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், பாலிஷ் செய்து குரோம் முலாம் பூசி, உடைந்த ஸ்பிரிங்கையும் செய்து தருவதாகச் சொல்கிறார். “இவ்வளவு பழசுக்கு லைசென்ஸ் தேவையில்லை” என்கிறார் மைத்துனர். பழைய பொருட்கள் வாங்கும் ஒருவர், காகிதம் எதுவும் வேண்டாம், மூன்று லட்சம் தருகிறேன் என்கிறார். “ஆற்றில் போட்டுவிட்டு வந்து தலை முழுகு” என்கிறார் அம்மா. “வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு துப்பாக்கிக்குச் சொந்தக்காரன் ஆகியிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்கிறார் வாசகர்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

“மேகசினைக் கழற்றிவிட்டேன், அதனால் இப்போது காலிதான்” என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே என்னைப் பதறவைத்த வரி இதுதான். இந்த வகைத் துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினை உருவிய பிறகும் குழலின் பின்பக்கத் தோட்டா அறையில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்க முடியும். ஸ்லைடு நகரவில்லை என்றால் நீங்கள் உள்ளே பார்க்கவே இல்லை என்றுதான் பொருள். நீங்கள் விவரிக்கும் மாடலின் மேகசின் எட்டுத் தோட்டா கொள்ளும். டப்பாவில் இருப்பதோ ஏழு. எட்டாவது தோட்டா என்றோ சுடப்பட்டிருக்கலாம், தொலைந்திருக்கலாம். உள்ளேயே இருக்கவும் கூடும். மண்ணெண்ணெய் ஊற்றி ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். குழல் முனை ஆள் நடமாட்டம் இல்லாத சுவரைப் பார்த்திருக்கும்படி வைத்து, லாக்கரைப் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது காலியா என்று பார்க்க வேண்டியவர் காவல்துறை ஆயுதப்படையில் ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரர், அல்லது உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையின் மெக்கானிக்.

உங்களிடம் இருப்பது என்ன?

கடிதம் முழுக்க ‘ரிவால்வர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறதாம். ஆனால் சுழலும் தோட்டா உருளை இல்லை, கைப்பிடிக்குள் மேகசின் செருகப்படுகிறது, கைப்பிடித் தகட்டில் டபிள்யூ, எஸ் என்ற எழுத்துகள் பின்னிய முத்திரை இருக்கிறது, பின்னால் சுத்தி வெளியே தெரிகிறது என்று நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் செய்த .32 (குழலின் உள்ளளவு, அங்குலத்தில்) பிஸ்டலுக்குப் பொருந்துகின்றன. 1908-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்து, இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை தயாரான மாடல். லண்டன் பெருநகரக் காவல்துறை 1911-இல் இதே வகையை எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் விரும்பி வாங்கிய பெயர் வெப்லி.

.32 என்பது உங்கள் நல்ல காலம். அதே வெப்லியின் ராணுவ ரகமான .455 அல்லது .380 ரிவால்வராக இருந்திருந்தால் அது தடைசெய்யப்பட்ட ரகத்தில் சேர்ந்து, விஷயம் டெல்லியில் உள்துறை அமைச்சகம் வரை போயிருக்கும். .32 பொதுமக்களுக்கு அனுமதிக்கப்படும் ரகம். மாவட்ட அளவிலேயே முடியும்.

ரிவால்வரா பிஸ்டலா என்பது வெறும் சொல் சண்டை அல்ல. .32 ரிவால்வருக்கான தோட்டாவும் .32 பிஸ்டலுக்கான தோட்டாவும் வேறு வேறு. ஒன்று மற்றொன்றில் சேராது. லைசென்ஸில் ஒன்றும் லாக்கரில் வேறொன்றும் இருந்தால், சரிபார்க்க வரும் காவலர் முதலில் கேட்கப்போவது “அந்த ரிவால்வர் எங்கே?” என்பதுதான். எந்தக் காலத்திலோ ஒரு எழுத்தர் செய்த பிழையாக இருக்கலாம். லைசென்ஸில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றுதான் என்றால் திருத்திக்கொள்வது சுலபம். எண்ணைப் படிப்பதற்கு எதையும் தேய்க்க வேண்டாம். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் மங்கிய எழுத்தும் நிழல் காட்டும். பூட்டி வைக்கும் முன் அந்த நிலையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அல்ல.

பழசுக்கு லைசென்ஸ் வேண்டாமா?

உங்கள் மைத்துனர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. எங்கோ கேட்டதைப் பாதி சொல்கிறார். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, வழக்கொழிந்த வடிவமுடைய, அல்லது தொன்மை மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. அதோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்திருக்கிறது. பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். ‘இப்போது சுடவில்லை’ என்பது போதாது. ‘இனி எந்த மெக்கானிக் வந்தாலும் சுடாது’ என்ற நிலை வேண்டும்.

உங்கள் வழக்கில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சரியாகிவிடும் என்று உங்கள் நண்பர் சொல்கிறார். அதை நீங்களே எனக்கு எழுதியும் அனுப்பியிருக்கிறீர்கள். சரிசெய்ய முடியும் என்று நீங்கள் நம்பும் வரை சட்டத்தின் பார்வையில் அது முழுத் துப்பாக்கி. புதுப்பிக்கும் ஆசையையும் விலக்கையும் ஒரே கையில் வைத்துக்கொள்ள முடியாது.

மைத்துனர் இன்னொன்றையும் எடுத்துப் போடலாம். 2020-இல் வந்த விதித் திருத்தம், அரும்பொருள் என்ற வகையில் வரும் சிறு ஆயுதங்களை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம் என்கிறது. உண்மைதான். அதே திருத்தம், அவற்றைப் பயன்படுத்தவோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லவோ லைசென்ஸ் வேண்டும் என்றும் சொல்கிறது. பழுதுபார்க்கத் தெரு முனை வரை கொண்டுபோனாலும் அது எடுத்துச் செல்வதுதான். மேலும், உங்கள் பிஸ்டல் அந்த வகையில் சேருமா என்று தீர்மானிக்க வேண்டியவர் உரிம அதிகாரி. நீங்களோ நானோ மைத்துனரோ அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்புவரை லைசென்ஸில் இருந்த, இன்றும் இந்தியாவிலேயே தோட்டா தயாராகிற ஒரு பிஸ்டலை அரும்பொருள் என்று நீங்களே முடிவுகட்டி வீட்டில் வைத்துக்கொள்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கேட்க வேண்டும் என்றால் மனுவிலேயே ஒரு பத்தியாகக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

அந்த மூன்று வாரங்கள்

லைசென்ஸ் 2021-இல் முடிந்தது. அப்பா எட்டு மாதங்களுக்கு முன் இறந்தார். ‘இத்தனை காலமும் நான் குற்றவாளியா?’ என்று பயந்திருக்கிறீர்கள். இல்லை. ஆயுதத்தை வைத்திருத்தல் என்றால் அறிந்து வைத்திருத்தல் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலேயே தெளிவாக்கியிருக்கிறது. அப்பா பூட்டிய லாக்கருக்குள் இருந்ததை நீங்கள் அறியாதவரை அது உங்கள் உடைமைக் குற்றம் ஆகாது. ஆனால் கண்டுபிடித்த நாளிலிருந்து கணக்கு வேறு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அதோடு அபராதமும் உண்டு. ஏழு தோட்டாக்களும் தனியாகக் கணக்கில் வரும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எந்தக் காரணத்தாலோ ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனால், தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ அதை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் உரிமை போய்விடாது. லைசென்ஸ் கிடைத்ததும் திரும்பப் பெறலாம். வேண்டாம் என்றால் தகுதியுள்ள ஒருவருக்கு விற்கலாம். உரிய காலத்துக்குள் இரண்டும் செய்யாமல் விட்டால்தான் அரசுடைமையாகும். இன்னொரு ஆறுதல்: உரிமமின்றி வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட நடுவர் பொறுப்பிலிருக்கும் ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 39-ஆவது பிரிவு. தானாக முன்வந்து, தேதியோடு எழுதிக் கொடுத்தவர் மீது அந்த அனுமதியைக் கேட்பதும் கொடுப்பதும் சுலபமல்ல. வேறு விஷயத்துக்காக வீட்டுக்கு வந்த போலீஸ் கையில் அது சிக்கினால் கதையே வேறு.

இங்கே நடைமுறையில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நல்லெண்ணத்தில் துப்பாக்கியை மஞ்சள் பையில் போட்டு, ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வழியில் வாகனச் சோதனை நடந்தால், “ஒப்படைக்கத்தான் போகிறேன்” என்பதை யார் நம்புவார்கள்? முதலில் கடிதம் போகட்டும். ஆய்வாளருக்கு ஒன்று, நகல் ஆட்சியர் அலுவலகத்துக்கு. நகரக் காவல் ஆணையர் எல்லைக்குள் இருந்தால் ஆணையருக்கு. அப்பாவின் பெயர், இறந்த தேதி, லைசென்ஸ் எண், துப்பாக்கியின் தயாரிப்பும் எண்ணும், தோட்டாக்களின் எண்ணிக்கை, நீங்கள் கண்டுபிடித்த தேதி, ‘21-ஆவது பிரிவின்படி ஒப்படைக்க விரும்புகிறேன், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆள் அனுப்புங்கள்’ என்ற கோரிக்கை ஆகியவை அதில் இருந்தால் போதும். இறப்புச் சான்றையும் லைசென்ஸ் நகலையும் இணையுங்கள். ஒப்புகை முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொடுக்கும் ரசீதில் எண் மட்டுமின்றி அதன் நிலையும் பதிவாகட்டும்.

உப்புத்தாள் விஷயத்துக்கு வருகிறேன். தயாரிப்பாளர் பெயரின் கடைசி எழுத்துகள் மங்கிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். 8-ஆவது பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளம் எதையும் அழிப்பதைத் தடை செய்கிறது. அழிந்த நிலையில் ஒருவரிடம் இருந்தால், அவரே அழித்ததாக அனுமானிக்கவும் சொல்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. எண் பத்திரமாக இருக்கிறது என்பதால் உங்கள் நிலை தேறும். ஆனாலும் இதைக் கடிதத்தில் எந்தச் சொற்களில் குறிப்பிடுவது என்பதை மட்டும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். மறைக்கவும் வேண்டாம், குற்ற ஒப்புதல் போல எழுதவும் வேண்டாம்.

காவல் நிலையமா, துப்பாக்கிக் கடையா என்றால், உங்களுக்குக் கடை நல்லது. கடைக்காரர் வாடகை வாங்குவார். ஆனால் எண்ணெய் தடவி வைப்பார். ஸ்டேஷனில் அட்டை கட்டி, மற்றவற்றோடு சேர்த்து அடுக்குவார்கள். ஒரு மழைக்காலம் போதும், மீதிப் பக்கமும் துருப்பிடிக்க. கடையில் ஒப்படைக்கப்போகிறீர்கள் என்பதையும் முதல் கடிதத்திலேயே சொல்லி, எடுத்துச் செல்ல அனுமதி பெறுங்கள்.

உங்கள் பெயரில் லைசென்ஸ்

அப்பாவின் லைசென்ஸ் சொத்துப் போலத் தானாக உங்களுக்கு இறங்காது. வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து நினைத்திருக்கிறீர்கள். துப்பாக்கியின் மதிப்பில் உங்களுக்குப் பங்கு உண்டு. அதை வைத்திருக்கும் உரிமையை அரசுதான் தர வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25-ஆவது விதி, இறந்த உரிமதாரரின் சட்டப்படியான வாரிசுக்கு லைசென்ஸ் வழங்க இடம் தருகிறது. ஏ-1 படிவத்தில் புதிய விண்ணப்பம், தாசில்தாரின் வாரிசுச் சான்று, அம்மாவும் தங்கையும் தரும் ஆட்சேபணையின்மைக் கடிதம், மருத்துவச் சான்று, துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று ஆகியவை வேண்டும். அதன்பின் போலீஸ் விசாரணை. ஆற்றில் போடச் சொல்லும் அம்மாவிடம் கையெழுத்து வாங்குவதுதான் இதில் கடினமான கட்டம் என்று தோன்றுகிறது. அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: லைசென்ஸில் பதிவான துப்பாக்கியை ஆற்றில் போட்டால், பத்து வருடம் கழித்து அது வேறு யார் கையிலாவது கிடைத்தாலும் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வாரிசு வழியில் வந்தாலும் அதே வரம்புதான். பிற்பாடு தோட்டத்துக்கென்று வேறு துப்பாக்கி வாங்கினால் இதையும் கணக்கில் கொள்ளுங்கள். லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 18-ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. சொத்து குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. இதெல்லாம் சில வாரங்களில் முடியும் காரியமல்ல. மாதங்கள் ஆகும். அதற்குள் ‘தெரிந்தவர் மூலம் முடித்துத் தருகிறேன்’ என்று வருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு புதுப்பிக்கலாம்?

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த லேத் பட்டறை வேண்டாம். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும் என்கிறது 5-ஆவது பிரிவு. அந்த உரிமமில்லாமல் பழுதுபார்ப்பவருக்கு, 2019-க்குப் பிறகு, ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. நண்பர் கார் பாகங்களில் கைதேர்ந்தவராக இருக்கலாம். ஒரு ஸ்பிரிங்குக்காக அவரை அந்த ஆபத்தில் மாட்டிவிடாதீர்கள். முலாம் பூசுவது மட்டும் பழுதுபார்ப்பதா என்று வாதாடலாம்தான். ஆனால் லைசென்ஸ் இல்லாதவரின் பட்டறையில் இரவு முழுக்கத் துப்பாக்கி கிடந்ததற்கு வாதம் இல்லை. உரிமம் பெற்ற கடையோடு இணைந்த மெக்கானிக்கிடமே போங்கள். நீங்களே வீட்டில் துடைப்பதும் எண்ணெய் இடுவதும் பழுதுபார்ப்பதில் சேராது.

சட்டத்தைத் தாண்டி, பொருளின் நன்மைக்காகவும் சொல்கிறேன். துப்பாக்கி வழக்குகளில் இத்தனை ஆண்டுகள் மெக்கானிக்குகளைச் சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணை செய்ததில் கற்றுக்கொண்டது இது. பழைய பிஸ்டலுக்குத் துருவை விடப் பெரிய எதிரி, மெருகேற்றும் பஃபிங் சக்கரம். கூரான விளிம்புகளை அது மழுக்கும், திருகு ஓட்டைகளைக் கிண்ணம்போலக் குழித்துவிடும், பொறித்த எழுத்துகளின் ஆழத்தைக் குறைக்கும். குழலிலும் ஸ்லைடிலும் மகுடத்தின் கீழ் ‘பி.பி.’, ‘பி.வி.’, ‘என்.பி.’ என்ற எழுத்துகளோடு பொடிப்பொடியாகச் சில முத்திரைகள் இருக்கலாம். அவை பர்மிங்காம் சோதனைச் சாலையின் அடையாளங்கள். 1813-இல் தொடங்கிய அந்தச் சாலையில் அளவுக்கு மீறிய மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கிய துப்பாக்கிக்கு மட்டும் குத்தும் முத்திரை. அது போனால் மதிப்பும் போகும், 8-ஆவது பிரிவும் வந்து நிற்கும். குரோம் முலாமும் அப்படித்தான். கல்யாண மண்டபத்துக் குத்துவிளக்குப் போலப் பளபளக்கும். வாங்கத் தெரிந்தவன் தொடமாட்டான். முலாம் தொட்டியின் அமிலம் பழைய எஃகு ஸ்பிரிங்குகளை நொறுங்கும் தன்மை கொண்டதாக்கிவிடவும் கூடும்.

எல்லாத் துருவும் ஒன்றல்ல. விரல் வைத்தால் செம்பொடியாக ஒட்டுவது உயிருள்ள துரு. அதை நிறுத்தியாக வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்க எஃகுக்குக் கொடுக்கும் நீலப் பூச்சு தேய்ந்து, காப்பிக்கொட்டை நிறத்தில் வழவழப்பாகப் படிந்திருப்பது வயதின் நிறம், அதைத் தொடாதீர்கள். மெக்கானிக்கிடம், மெல்லிய எண்ணெயில் ஊறவைத்து, செந்துருவை மட்டும் மிக நுண்ணிய எஃகு நாரால் எடுக்கச் சொல்லுங்கள். மறுபடி நீலப் பூச்சு போடலாமா என்று கேட்பார். வேண்டாம் என்பதே என் கட்சி. தாத்தா இடுப்பில் வைத்து வைத்துத் தேய்ந்த இடம் புதிதாகிவிட்டால் அது யாருடைய துப்பாக்கியோ ஆகிவிடும்.

இந்த மாடலில் கைப்பிடித் தகட்டுக்கு அடியில் V வடிவத்தில் பட்டையான ஸ்பிரிங் ஒன்று இறுகி உட்கார்ந்திருக்கும். தகடு விரிசல் விட்டிருப்பதால் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பத் தோன்றும். நெம்பாதீர்கள். அந்தத் தகடு கெட்டி ரப்பர். நூற்றாண்டு வயதில் பிஸ்கட்டைவிட எளிதாக உடையும். மாற்றுத் தகடோ ஸ்பிரிங்கோ வெளிநாட்டு இணையக் கடைகளில் வரவழைக்கவும் வேண்டாம். முழுத் துப்பாக்கியோடு சேர்த்துப் பயன்படுத்தவென்று வாங்கும் சிறு பாகத்துக்குச் சட்ட விலக்கு கிடையாது; சுங்கத்துறையில் மாட்டும். மெக்கானிக் புதிதாக எதைப் போட்டாலும் பழைய பாகத்தைத் திருப்பி வாங்கி, எழுத்தில் பட்டியலும் வாங்குங்கள். குழலையோ உடற்பகுதியையோ மாற்றும் பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது வேறு துப்பாக்கி ஆகிவிடும்.

சுட்டுப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். பழைய தோட்டாக்களின் தீமருந்து விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுத்து, குழலை உள்ளிருந்தே அரித்திருக்கும். இந்த ஏழு தோட்டாக்களும் ஒப்படைப்பில் போகட்டும்; திரும்பக் கேட்காதீர்கள். குடும்ப விசேஷத்தில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி என்று மைத்துனர் ஆசைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கொண்டாட்டத்துக்காகச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019-இல் தனியாகவே ஒரு பிரிவு சேர்த்துவிட்டார்கள்.

காட்சிப் பெட்டியும் மூன்று லட்சமும்

ஹாலில் கண்ணாடிப் பெட்டியில் மாட்டுவது முடியாது. பாதுகாப்பாகப் பூட்டி வைப்பது உரிமதாரரின் கடமை. சுவரில் மாட்ட ஆசையென்றால் தாத்தாவின் படத்தையும், அந்தப் பழைய லைசென்ஸ் புத்தகத்தின் முதல் பக்கத்து நகலையும் பிரேம் போட்டு மாட்டுங்கள். குழலில் ஈயம் ஊற்றிச் செயலிழக்கச் செய்துவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியும் சான்றும் இல்லாமல் செய்தால், துப்பாக்கியைக் கெடுத்ததுதான் மிச்சம். லைசென்ஸ் பொறுப்பு அப்படியே இருக்கும்.

மூன்று லட்சக்காரருக்கு ‘இல்லை’ என்ற ஒரே சொல் போதும். விற்பதுதான் முடிவென்றால், ஒப்படைத்த பிறகு, லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவருக்கு, வாங்குபவரின் பெயர், முகவரியோடு ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாட்கள் காத்திருந்து விற்க வேண்டும். பழைய வெப்லிகளுக்கு நம் நாட்டில் இன்றும் நல்ல விலை உண்டு. வெளிநாட்டிலிருந்து புதிதாக இறக்குமதி செய்ய முடியாததே அதற்குக் காரணம். ஆகவே முறைப்படி விற்றாலும் நஷ்டப்பட மாட்டீர்கள்.

வைத்துக்கொள்வதென்றால், இனி அந்தத் தோல் உறை வேண்டாம். பதனிட்ட தோலின் அமிலமும் அது இழுக்கும் ஈரமும்தான் ஒரு பக்கத்தைத் தின்றிருக்கின்றன. உறையைத் தனியாக வைத்து, பிஸ்டலை எண்ணெய் ஒற்றிய பருத்தித் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பூட்டி வையுங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது, பிசின்போல இறுகும். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் பெட்டியின் மீது வையுங்கள். ஈரச் சந்தனம் பொறித்த எழுத்துகளின் பள்ளத்தில் தங்கி, அடுத்த பூஜைக்குள் அங்கே துரு பூத்திருக்கும். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிப் பெரும்பாலும் காவல் நிலையத்திலிருந்து தகவல் வரும். அப்போதும் எண்ணெய் தடவியே கொடுங்கள், நிலையைக் குறித்த ரசீது வாங்குங்கள், முடிவுகள் வந்ததும் போய் வாங்கிவந்து அன்றைக்கே துடைத்து வையுங்கள்.